பங்காக வந்த பிடிதுணி

அன்று கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். சாய்வு நாற்காலியில் வீட்டுப் பெரியவர். சன்னலோரக் கட்டிலில் அவருடைய தங்கை. சமாதானம் பேச வந்த மருந்துக்கடைக்காரர் முக்காலியில். உட்காரச் சொல்ல ஆளில்லாததால் தையல் மெஷின் ஸ்டூலைத் தானே தூக்கிவந்து போட்டுக்கொண்டவள், செத்துப்போன தம்பியின் மனைவியான தையல்காரி. பெரியவரின் கோட்டு முதுகிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தையல்காரி அப்போதுதான் பால் இறக்கிவிட்டு வந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் காலருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, ஆளுக்கு ஒன்றுமில்லை, கோட்டுக்குத்தான் காய்ச்சல் என்றார்.

அந்தச் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைத் தம்பி செத்த வருஷம் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். தோள் அளவு பார்க்கும்போது, தான் குடியிருக்கும் பின்னறையைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். பெரியவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, தரையில் கிடந்த வெட்டுத் துணியைக் காலால் அவள் பக்கம் தள்ளி, "இந்தா, இந்த வீட்டுல உன் பங்கு இதுதான்" என்றார். தங்கை சிரித்தாள். தையல்காரி குனிந்து ஒரு நூல்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டாள். துண்டுகளைச் சதுரமாக நறுக்கி ஒட்டுப்போட்டு, உள்ளே பழைய போர்வையை மடித்து வைத்து, நழுவாமல் குண்டூசி குத்தி, கனத்துக்குத் தடித்த ஊசி மாட்டி, குறுக்கும் மறுக்கும் சாய்வாகத் தையல் ஓட்டினாள். ஓரத்துக்குக் கிராஸாக வெட்டிய பட்டி, மூலையில் ஆணியில் மாட்ட ஒரு காது. ஒரு ஜோடி பிடிதுணி ஆயிற்று. அதைப் பிடித்து முதல் பானையை இறக்கியபோது அவள் கைக்குச் சூடே தெரியவில்லை. முன்னறையில் பெரியவர் துள்ளி எழுந்தார். இரண்டும் ஒரே துணி; சூடு எங்காவது போகத்தானே வேண்டும்.

பெரியவர் கோட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டார், நிழலில் காயவைத்தார், உள்துணியை மாற்றினார். கழற்றி எறிய மட்டும் மனசு வரவில்லை. தம்பி பெண்டாட்டி அடுப்பு மூட்டினால் தான் கோட்டைக் கழற்றுவதா என்று கோடையிலும் போட்டுக்கொண்டு திரிந்தார். இப்படியே சில வருஷங்கள் போயின. கடிகாரம் ரிப்பேரான வீடுகளில் அவர் சத்தத்தைக் கேட்டுச் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள்.

"இடுக்கி போட்டு இறக்கினா கொறஞ்சா போயிடுவே?" என்றாள் தங்கை, அன்று கூடத்தில்.

"இடுக்கி உங்ககிட்டதான் இருக்கு அண்ணி. அவர் போன மறுவாரமே பாத்திரத்தோட சேத்து அள்ளிட்டுப் போனீங்களே."

பெரியவர் குரலைத் தணித்தார். "அந்த ரெண்டு துணியையும் குடுத்துடும்மா. ரூமையும் காலி பண்ணிடு. அவங்கவங்க வழியப் பாத்துட்டுப் போயிடலாம்."

"பங்கைத் திருப்பிக் கேக்கறீங்களா அத்தான்?"

"கந்தலுக்குப் பேரு பங்கா?"

"பேரு வச்சது நீங்கதான். அண்ணிதான் சாட்சி. வாய்விட்டுச் சிரிச்சாங்களே."

சாட்சி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர், தீப்புண் களிம்பு கடையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அன்று மத்தியானமே தையல்காரி கடிதம் எழுத உட்கார்ந்தாள். பின்னறையிலிருந்து முன்னறைக்குப் பதிவுத் தபால். கையில் கொடுத்தால் வரவேயில்லை என்று சாதித்துவிடுவார். 'மதிப்புக்குரிய அத்தானுக்கு, பின்னறையைக் காலி செய்ய மாட்டேன். என் பங்கு உங்களுக்கு வேண்டுமென்றால் பாதி வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை இரண்டு வேளையும் சமைப்பேன்.' உறையை ஒட்டி, கரண்டியில் அரக்கை உருக்கி, பிடிதுணியால் பிடித்து மடிப்பின்மேல் நிதானமாக ஊற்றினாள்.

"இது சமையல் நேரமில்லையே!" என்று முன்னறையிலிருந்து அலறல் வந்தது.

"கடுதாசி அத்தான்" என்று பதில் கொடுத்தாள். அரக்கு ஆறியதும் தபாலாபீசுக்கு நடந்து, ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொல்லி கவுண்டரில் நீட்டினாள்.