வர்றேன் என்று எழுதிய குழாய்

"கிழிஞ்சது போ!" என்று காரின் அடியிலிருந்து கத்தினேன். கியர் ஆயில் நெற்றியில் வழிந்து, புருவத்தைத் தாண்டி, காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல காரியம் நடக்கிற எடத்துல போ-ன்னு சொல்லாதடி," என்றாள் அம்மா. கண்ணில் பட்டதா, எரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் முகம் எப்படிப் போனாலும் வாய் சுத்தமாக இருக்க வேண்டும் அவளுக்கு.

எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போவது கிடையாது. வேலைக்குக் கிளம்பினால் 'வர்றேன்'. பல்லைப் பிடுங்கிக்கொள்ளக் கிளம்பினாலும் 'வர்றேன்'. ஒருமுறை வெளியூரிலிருந்து ஃபோன் செய்து, "பத்திரமா போய்ச் சேர்ந்துட்டேம்மா," என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். "போய்ச் சேர்றதுன்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?" என்று அவள் விட்ட டோஸில் ஃபோனே சூடாகிவிட்டது.

நல்ல காரியம் என்று அவள் சொன்னது அக்காவின் பயணத்தை. அக்கா முடி வெட்டுபவள். யாரோ ஒருவருடைய சலூனில் வருடக்கணக்காக நின்று கால் வீங்கியவள், வேலையை உதறிவிட்டு ஒரு பழைய ட்ரெய்லரை வாங்கி, அதற்குள் கண்ணாடி, சாய்வு நாற்காலி, தலை அலசும் தொட்டி எல்லாம் பொருத்திச் சக்கரத்தின் மேல் ஒரு சலூனே கட்டிவிட்டாள். முதல் வேலையும் அமைந்துவிட்டது. மலைமேல் உள்ள ஊரில் ஒரு நாடகக் குழு, நாளை சாயங்காலம் முதல் காட்சி, நடிகர்கள் அத்தனை பேர் தலையும் அக்கா கையில். பிடித்துப்போனால் அவர்கள் நாடகம் போடும் ஊருக்கெல்லாம் அக்காவைக் கூப்பிடுவார்கள். மதியத்துக்குள் மேலே போய் நிற்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

ட்ரெய்லரை இழுக்க வேண்டியது அக்காவின் பழைய ஆட்டோமேட்டிக் கார். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தபோது பாதி மலையில் கியர் ஆயில் கருகி, வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. மெக்கானிக் ஆயிலை மாற்றிவிட்டு, "கியர் தப்பிச்சிருச்சு. ஆனா ஆயில் சூட்டை ஆத்துறதுக்குத் தனியா ஒரு கூலர் போடாம மலைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதீங்க. எனக்கு அடுத்த வாரம்தான் ஒழியும்," என்று கையை விரித்துவிட்டார்.

"அடுத்த வாரம் யாருக்கு வேணும்? நானே போடுறேன்," என்றேன். நான் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்பவள். குழாயும் கூலரும் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

ஆகவே காலையிலேயே முன் பம்பரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாயிற்று. பல்செட்டைக் கழற்றி வைத்தவர் மாதிரி கார் பாவமாக நின்றது. கியர்பாக்ஸுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு குழாய்கள். ஒன்றில் சூடான ஆயில் ரேடியேட்டருக்குப் போகும். அங்கே கொஞ்சம் ஆறி, இன்னொன்றில் திரும்பி வரும். புதுக் கூலரை வருகிற குழாயில்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் நன்றாக ஆறிய ஆயில் நேராகக் கியர்பாக்ஸுக்குள் இறங்கும். எது போவது, எது வருவது என்று கண்டுபிடிக்க ஒரு குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டு, அக்காவிடம், "ஒரு நொடி ஸ்டார்ட் பண்ணி நிறுத்து," என்றேன். ஆயில் வாளியை மதிக்காமல் என் முகத்தில் பாய்ந்தது. அதுதான் கிழிந்த கதை.

"இதுதான் போறது! அது வர்றது! அம்மா, ரெண்டுலயும் டேப்ல எழுதி ஒட்டு. நான் மூஞ்சியைக் கழுவிட்டு வர்றேன்!"

"ஆங், இப்படிப் பேசு," என்றாள் அம்மா.

நான் திரும்புவதற்குள் அக்கா குழாயை மறுபடி மாட்டியிருந்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. கீழே படுத்துப் பார்த்தேன். கண்ணுக்கு எதிரே டேப்பில் 'வர்' என்று அம்மாவின் குண்டெழுத்து. மீதி குழாயைச் சுற்றி மறைந்திருந்தது. வர்றது! மறு யோசனை இல்லாமல் வெட்டினேன்.

அதன் பிறகு வேலை பறந்தது. காருக்கு முன்பக்கம் இருக்கும் ஏசி வலைக்கு முன்னால் சின்ன இடைவெளி விட்டுக் கூலரை இரும்புப் பட்டையில் நிறுத்தி, புது ரப்பர் குழாய்களை மாட்டி, கிளிப்புகளை முறுக்கினேன். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் அளவைச் சரிசெய்தோம். ஒரு சொட்டு கசிவில்லை. "என் தங்கச்சின்னா சும்மாவா!" என்று அக்கா என் எண்ணெய்த் தலையில் முத்தம் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் செங்குத்தான ஏற்றத்துக்குப் போனோம். அக்கா ஓட்ட, பின்னால் அம்மா, பக்கத்தில் நான். ஆயில் சூட்டை ஃபோனில் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றைக் காரில் சொருகியிருந்தேன். எண் ஏறியது. இன்னும் ஏறியது. நிற்கிற வழியாக இல்லை.

"இறங்குதா?" என்றாள் அக்கா.

"இரு, இறங்கும்."

"இறங்குதாடி?"

எண் சிவப்பானது. அக்கா வண்டியை ஓரங்கட்டினாள். ஸ்டியரிங்கை விடாமல், "அவங்களுக்கு ஃபோன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடறேன்," என்றாள். அவள் குரல் அப்படி ஒடிந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஃபோனைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்!" என்று இறங்கிக் கையுறையோடு குழாய்களைத் தடவிப் பார்த்தேன். ஆயில் முதலில் என் கூலரில் ஆறி, பிறகு கொதிக்கிற ரேடியேட்டருக்குள் நுழைந்து மறுபடி சூடாகி வந்துகொண்டிருந்தது. வெட்டியது தப்பான குழாய்!

டேப்பைத் திருப்பி முழுசாகப் படித்தேன். போகிற குழாயில் 'வர்றேன்'. வருகிற குழாயில் 'வந்துட்டேன்'.

"அம்மா! என்ன இது?"

"பின்னே? அவ வண்டியில போறேன்னு எப்படிடி எழுதுவேன்? போன வாரம்தான் பாதி மலையில நின்னுச்சு. எழுத எனக்குக் கை வரலை," என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அக்காவும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அம்மாவுக்குக் கோபம்.

வண்டி ஆறியதும் வீட்டுக்கு வந்தோம். வெட்டிய குழாயைப் பித்தளை இணைப்பு போட்டுச் சேர்த்தேன். வெட்ட வேண்டிய குழாயை, இரண்டு முறை தடவிப் பார்த்து வெட்டினேன். கூலரை அதில் மாட்டினேன். பிறகு டேப்பையும் பேனாவையும் அம்மாவிடம் நீட்டினேன்.

"இப்ப ஒழுங்கா எழுது. இல்லேன்னா நாளைக்கு வேற யாராவது ரிப்பேர் பண்ணும்போது இதே கூத்துதான்."

அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு 'போ' என்று எழுதினாள். ஒரே எழுத்து. ஒட்டிவிட்டு, சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்து 'வந்துட்டேன்' அப்படியே இருக்கட்டும் என்றாள். அது சரியாகத்தானே இருந்தது, விட்டுவிட்டேன்.

மறுபடி அதே ஏற்றம். எண் ஏறியது, ஏறி நின்றது, பிறகு இறங்க ஆரம்பித்தது. ஐயோ, அந்த எண் இறங்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நான் டாஷ்போர்டில் தாளம் போட்டேன். அக்கா ஹாரனை அடித்துக்கொண்டே உச்சிக்கு ஏறினாள். "மெதுவாடி, ஊரே பாக்குது," என்ற அம்மாதான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள்.

மறுநாள் விடிந்ததும் அக்கா கிளம்பினாள். கண்ணாடியை இறக்கி, வழக்கம்போல், "அம்மா, வர்றேன்," என்றாள்.

"என்ன வர்றேன்?" என்றாள் அம்மா. "நாடகம் நல்லபடியா முடியற வரைக்கும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத. போ!"

அக்கா அசையாமல் அவளையே பார்த்தாள். அம்மா காரின் கூரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "போடி!" என்றாள். வண்டி நகர்ந்தது.

அதன் பிறகு அம்மா ஒரு வேலையும் செய்யவில்லை. என் ஃபோனைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்னால் ஃபோன் ஒலித்தது. அக்கா செய்தி அனுப்பியிருந்தாள். ஒரே வார்த்தை. அம்மா எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தாள்.

"வந்துட்டேன்."