பெயிண்ட் அடித்த கடை

கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்து இருபத்திரண்டு மாதம் ஆகியிருந்தது. தையல்காரர் காலி செய்யவில்லை. முப்பது வருடம் ஒரே வாசலில் உட்கார்ந்தவரை வேறு தெருவில் யார் தேடி வருவார்கள்? பழைய வாடகையை ஒன்றாம் தேதி தவறாமல் உரிமையாளருக்குக் கட்டிவிடுவார். கட்டினால் குற்றமில்லை என்பது அவர் நினைப்பு. சட்டம் அப்படி நினைக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கிடையாது, நஷ்டஈடு. இன்றைக்கு அந்த இடம் என்ன வாடகைக்குப் போகுமோ, அந்தத் தொகை.

அதைப் பார்த்துச் சொல்ல நீதிமன்றம் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புவதாக வக்கீல் போனில் சொன்னார். எதையும் தொடாதீர்கள் என்று கூடவே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை.

"பெரிய மனுஷன் வர்றாரு, இந்தக் கரி புடிச்ச சுவத்தையா காட்டுவீங்க?" என்றாள் மனைவி. "இடத்தை நாம எப்படி வச்சிருக்கோம்னு கண்ணால பாக்கட்டும். மனசு எறங்கும்."

தையல்காரருக்கும் அது நியாயமாகப் பட்டது. அங்கேதான் வினை. கைமாற்று வாங்கி மச்சானைக் கூப்பிட்டார்கள். பெயிண்டரான மச்சான் சுவருக்கு இரண்டு கோட் அடித்தான், ஒழுகிய கூரையை அடைத்தான், உடைந்த தரைக்குப் புது டைல்ஸ் போட்டான்.

"கடை புது மாப்பிள்ளை மாதிரி நிக்குது அத்தான்!"

மதிப்பீட்டாளர் டேப்போடு வந்தார். "இறுக்கிப் புடிச்சு அளங்க சார், லூசா எடுத்தா தோள் நிக்காது" என்று தையல்காரர் கிண்டலடித்தார். அவரும் சிரித்தார். நல்ல மனிதர்தான். "ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க" என்று சொல்லியபடியே எழுதிக்கொண்டார். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

புதிதாகச் சீரமைக்கப்பட்ட, மிக நல்ல நிலையிலுள்ள கடை என்றது அறிக்கை. பழைய வாடகையைப் போல நான்கு மடங்கு, இருபத்திரண்டு மாதத்துக்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"அது நாங்க அடிச்ச பெயிண்ட் சார்!"

"பில் இருக்கா?" என்றார் வக்கீல்.

மச்சானிடம் ஏது பில்?

"அப்பீல் போனா?"

"பாதிப் பணத்தை முதல்ல கட்டணும். இல்லன்னா மிஷினை ஜப்தி பண்ணிடுவாங்க."

மூன்று மிஷின். அவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அடுப்பு எரிவது அந்த மூன்றால்தான். மூன்றும் நாள் முழுக்க ஓடினாலும், அந்தக் கடையில் ஒரு நாள் இருப்பதற்கான நஷ்டஈட்டுக்குக் காணாது.

கடைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, நான்தானே சொன்னேன்!"

"நீ சொன்னே, நான் கேட்டேன். உன் தம்பிக்கு இன்னும் கூலிகூடக் குடுக்கலை."

அந்த நேரம் பார்த்து, வாடிக்கையாக வரும் டீச்சர் துணியோடு படியேறினார். "அடேயப்பா, கடையையே மாத்திட்டீங்களே! எப்ப வந்து வாங்கிக்கட்டும்?"

நாளைக்கு வாங்க. தைத்திருந்தாலும் தைக்காவிட்டாலும், முப்பது வருடமாக எல்லோருக்கும் அவர் சொன்ன பதில் அதுதான். இப்போதும் வாய்வரை வந்துவிட்டது.

துணியை மடித்து டீச்சர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வேற கடை பாத்துக்குங்கம்மா."