டிஸ்க்கில் தடவிய எண்ணெய்

முதல் சுற்றில் இசக்கிசெல்வி ஜெயித்து வந்தபோது அவள் வண்டியின் நிறம் என்ன என்று சத்தியம் பண்ணிச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. தருவைகுளம் போகிற வழியில் உப்பளத்தை ஒட்டிய வெட்டவெளியில்தான் பைக் பந்தயம். மேடும் பள்ளமும் தாண்டினால் சக்கரத்தையே விழுங்குகிற உப்புச் சேறு. அந்தச் சேற்றில் பாதி வண்டி மேல் இருந்தது, மிச்சம் செல்வியின் முகத்தில்.

"அத்தான், மத்தியானம் ஃபைனல். மொத ரெண்டு பேருதான் கோயம்புத்தூர் பந்தயத்துக்குப் போவ முடியும். வண்டி ஒங்க பொறுப்பு" என்றாள்.

செந்தில்முருகனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து மனைவியின் வண்டியை அவன் தொட்டதில்லை, அவள் தொட விட்டதும் இல்லை. எல்லாம் மெக்கானிக் சிலுவைதான். சிலுவை இன்றைக்குத் தங்கச்சி கல்யாணத்துக்கு மணப்பாடு போய்விட்டான். இங்கே பக்கத்துப் புதுக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிறவனுக்கு ஒரு பைக்கைக் கழுவத் தெரியாதா?

"இன்னிக்குப் பாரு, கண்ணாடி கணக்கா நிக்கும்" என்று வேட்டியை மடித்துக் கட்டினான்.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பம் பிரமாதம். தண்ணீர் புகாமல் சைலன்சர் வாயைத் துணியால் அடைத்தான். அங்கே இருந்த உப்புக் கரிக்கிற போர்வெல் தண்ணீரின் பக்கமே போகவில்லை. அதில் கழுவினால் வண்டி ஊறுகாய்தான். வீட்டிலிருந்து கேன் கேனாக நல்ல தண்ணீர் கொண்டு வந்திருந்தான். என்ஜின் அடியில் அப்பியிருந்த சேற்றை மரக்குச்சியால் சுரண்டினான். ஏர் ஃபில்டர் பஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் பிழிந்து, வெயிலில் காயப்போட்டு, சிலுவை வைத்துவிட்டுப் போன ஆயிலில் தோய்த்து மாட்டினான். செயினையும் விடவில்லை, சைலன்சர் துணியை உருவவும் மறக்கவில்லை. சேற்றுக்குள்ளிருந்து முதலில் நீலம் வந்தது, அப்புறம் வெள்ளை, அப்புறம் செல்வியின் பேர். அவனுக்குப் புல்லரித்துவிட்டது. போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். திரேஸ்புரத்து இனிகோ, காலையில் செல்வியிடம் தோற்று, இரண்டாவதாக வந்து ஃபைனலுக்குத் தேறியவன், பக்கத்துக் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கல்யாண மாப்பிள்ளை மாதிரில்லா நிக்குது!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை கேட்கவில்லை. இந்தக் கடற்கரையில் ஈர இரும்பைச் சும்மா விட்டால் மறுநாளே செக்கச்செவேலென்று துருப்பிடித்து நிற்கும். கடையில் பூட்டு, கீல், அரிவாள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் காலையில் எண்ணெய்த் துணியால் துடைப்பது அவனுக்குப் பல் விளக்குகிற மாதிரி. இங்கேயோ முன்சக்கரத்தில் வட்டமாக ஒரு தகடு, பெயிண்ட் கூட இல்லாமல் பளபளவென்று நிற்கிறது. பாவமாக இருந்தது. எண்ணெய்த் துணியை எடுத்து, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, இரண்டு பக்கமும் வஞ்சகமில்லாமல் தடவினான்.

மைக்கில் ஃபைனலுக்குக் கூப்பிட்டார்கள். செல்வி முன்னால் நடக்க, அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். சின்ன இறக்கம் ஒன்று வந்தது. முன்பிரேக்கைப் பிடித்தான். நிற்கவில்லை. இறுக்கிப் பிடித்தான். வண்டி அது பாட்டுக்குப் போனது, அவனும் கூடவே ஓடினான். தடுப்புக் கயிற்றில் சாய்த்து ஒருவழியாக நிறுத்தியபோதுதான் அந்த வட்டத் தகடு என்னவென்று மண்டையில் உறைத்தது. பிரேக் டிஸ்க். பிரேக் கட்டைகள் அதைக் கவ்வினால்தான் வண்டி நிற்கும். அதில் போய் எண்ணெய்!

பந்தயத் தடத்தின் கடைசி வளைவு அங்கிருந்தே தெரிந்தது. பறந்து வந்து சட்டென்று திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் கல் கட்டிய வாய்க்கால். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் செல்வி போவாள். சத்தமில்லாமல் துடைத்துவிட்டு விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. சீ என்று அதைத் தள்ளிவிட்டுக் கத்தினான்.

"ஏளா செல்வி! வண்டில ஏறாத! டிஸ்க்ல எண்ணெயத் தடவித் தொலைச்சிட்டேன்!"

கூட்டமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை. இன்றைக்கு நமக்கு அடி விழும் என்று அவன் நினைத்தான்.

"வேற பிரேக் கட்டை இல்ல. இது எண்ணெயக் குடிச்சிருக்கும், நெருப்புல காட்டினாத்தான் கக்கும்" என்று ஸ்பானரை எடுத்தாள். "நான் டிஸ்க்க பெட்ரோல் போட்டுத் துடைக்கேன். நீங்க ஓடுங்க!"

கழற்றிய இரண்டு கட்டைகளோடு செந்தில்முருகன் தடத்தின் ஓரத்தில் இருந்த செல்லப்பாண்டியின் டீக்கடைக்குப் பாய்ந்தான்.

"அண்ணாச்சி, பால எறக்கும்!"

"ஏலே, இப்பத்தான்லே வச்சேன்!"

"எறக்கும்னா எறக்கும்!"

இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினான். கட்டைகள் கொப்புளித்துக் கொப்புளித்துப் புகை கக்கின. டீ குடிக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். புகை நின்றதும் சிமெண்டுத் தரையில் தேய் தேயென்று தேய்த்தான். கை சுட்டது, விடவில்லை.

அங்கே கொடி அசைக்கிறவரிடம் தன் கையுறையைக் காணோம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு இனிகோ நின்று தேடிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பிலேயே அது செருகியிருந்ததை ஊரே பார்த்தது.

கட்டைகளை மாட்டி, செல்வி வண்டியை ஓட்டிப் பார்த்துப் பிரேக் பிடித்தாள். நங்கூரம் போட்ட மாதிரி நின்றது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு புறப்படும் கோட்டுக்குப் போய்விட்டாள்.

கொடி விழுந்தது! சேறு வானத்துக்கு எழும்பியது. கடைசிச் சுற்றில் இனிகோ முதலில், ஒரு மதுரைக்காரன் அடுத்து, செல்வி மூன்றாவது. வளைவு நெருங்க நெருங்க மதுரைக்காரன் வேகத்தைக் குறைத்தான். செல்வி குறைக்கவில்லை.

"பிடிளா! பிடி!" என்று செந்தில்முருகன் பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்து நெரித்தான்.

வாய்க்கால் கல் வரை போய்விட்டாள் என்றே தோன்றியது. அப்போதுதான் பிடித்தாள். பிரேக் கவ்வியது. வண்டி உட்பக்கமாக மடங்கித் திரும்பி, மதுரைக்காரனை வெளிப்பக்கமாக விட்டுவிட்டுச் சீறிப் பாய்ந்தது. இரண்டாவது! கோயம்புத்தூர்! செந்தில்முருகன் கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது, கண்ணிலும் தண்ணீர்.

திரும்பி வந்து நின்ற வண்டியின் நிறம் மறுபடியும் யாருக்கும் தெரியவில்லை. அவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான்.

"நாளைக்குச் சிலுவை வந்துருவான். அவனே கழுவட்டுமா?"

"எதுக்கு?" என்று செல்வி பிரஷை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "வண்டி ஒங்க பொறுப்புன்னு சொன்னேம்லா."

கூடாரக் கயிற்றில் தொங்கிய எண்ணெய்த் துணியை மட்டும் உருவித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.