பத்தாயிரம் வாலா

அமுதவல்லியின் புருஷனுடைய பாடைக்குப் பக்கத்தில் மாது சாக்கைக் கவிழ்த்தான். அணுகுண்டு, லட்சுமி வெடி, பத்தாயிரம் வாலா என்று ஒரு கடையே குவிந்துவிட்டது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அப்புறம் தீபாவளி ஏது? பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்திருந்ததையெல்லாம் வீட்டுக்கு வீடு வாரிக்கொண்டு வந்துவிட்டான் அவள் கொழுந்தன்.

“எதுக்கு மாது இதெல்லாம்?”

“என்னங்கண்ணி இப்படிக் கேக்கறீங்க? மிலிட்டரிக்காரரைச் சத்தமில்லாம எடுத்துட்டுப் போனா ஊரே காறித் துப்பாதா? பென்னாகரம் ரோடு வரைக்கும் அதிரணும்.”

அதிரணுமாம்! அவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது அவளுக்கு.

அவள் புருஷன் மாதவராஜ் பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு ஒரு தீபாவளிக்குக்கூட ஊரில் இருந்ததில்லை. ஐப்பசி பிறந்தாலே மனுஷன் சரியாகச் சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார். தெருக்கோடியில் எவனாவது ஓலைவெடி போட்டால்கூடக் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வார். எல்லையில் என்ன பார்த்தாரோ, அவளிடம்கூடச் சொன்னதில்லை. அவ்வளவு பெரிய மீசை வைத்த ஆள் வெடவெடவென்று நடுங்குவதை அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். “யாருகிட்டயும் சொல்லிடாத வல்லி” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். வேண்டுதல் என்று ஊருக்கு ஒரு பொய் சொல்லிவிட்டு இருவரும் ஒகேனக்கல் பஸ் ஏறிவிடுவார்கள். அருவி இரைச்சலுக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துவிட்டால் வேறு எந்தச் சத்தமும் காதில் விழாது.

நேற்றும் அதற்குத்தான் துணிமணியைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

சொல்லிவிடலாமா? அவர் ஓடப் பழக்கிப் பட்டாளத்துக்கு அனுப்பிய பையன்கள் வாசலில்தான் நிற்கிறார்கள். இன்றைக்கு அழுவார்கள். நாளைக்கு டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்லாவிட்டாலோ இந்தக் கிறுக்கன் விடமாட்டான்.

“பக்கத்துல வக்கப்போரு இருக்குது மாது. பொறி பட்டா என்னாவறது?”

“தண்ணி ஊத்தி நனைச்சாச்சுங்க.”

“வூட்ல கைக்கொழந்தைங்க இருக்குதே…”

“அதுங்களுக்கு இந்த வருசம் தீவாளியே இதுதானுங்க அண்ணி.”

“வேணாம்னா வேணாம்! ஒரு வெடி போடக்கூடாது!”

கத்தியே விட்டாள். மாது கிட்டே வந்தான். அழுதழுது அவன் கண் வீங்கியிருந்தது.

“எனக்கும் அண்ணந்தானுங்க. அவருக்கு நான் வேற என்னத்தப் பண்ணப் போறேன்?”

“துக்கத்துல என்னமோ பேசறா. நீ ஆவறதப் பாரு மாது” என்று பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பாசக்காரப் பாவிகள்! இவர்களை என்ன சொல்லித் திட்டுவது? ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

பத்தாயிரம் வாலாவைத் தெரு நீளத்துக்கு விரித்தார்கள். பம்பைக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். பாடையைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். மாது ஊதுபத்தியைத் திரியில் வைத்தான்.

அமுதவல்லி தங்கம்மாளை உதறிவிட்டு ஓடினாள். தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் புருஷனின் காதுகளை இறுக்கிப் பொத்தினாள்.

“கைய எடுங்கக்கா, தூக்கணும்” என்றான் பாடை தூக்க வந்தவர்களில் ஒருவன்.

சரம் படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. அவள் அவர் முகத்தருகே குனிந்து, “ஆச்சு, ஆச்சு, இதோ முடிஞ்சிரும்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

புகைக்குள்ளிருந்து மாது திரும்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் நின்றான். பிறகு வெறுங்காலோடு தெருவில் ஓடி, நெருப்புக்கு முன்னால் குனிந்து சரத்தைப் பிய்த்து எறிந்தான்.

சத்தம் நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.