கோலத்தில் ஒரு கறுப்புப் புள்ளி

தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் போகும்போது என்றைக்காவது தரையைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? கறுப்புக் கறுப்பாக வட்டங்கள் தெரியும். அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அத்தனையும் யாரோ மென்று துப்பிய சூயிங்கம் என்று ஹில்டா மேடம் சொன்னதிலிருந்து, அங்கே காலை வைக்கவே கூச்சம். ஒவ்வொரு வட்டமும் ஒரு வாய். எனக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். இங்கே பேச ஆளில்லை. அந்தப் பாலத்திலோ அத்தனை வாய்கள்!

மேடம் பம்மலில் ஒரு சின்ன மிட்டாய்க் கம்பெனியில் கெமிஸ்ட். தண்ணீர் பட்டால் தரையை விட்டுவிடும் கம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். நான் அங்கே எடுபிடி. புதிதாகச் செய்வதையெல்லாம் மெல்லுவதும் என் வேலை.

"எப்படி இருக்கு முத்தண்ணா?"

"ருசி நல்லாத்தான் இருக்கு மேடம். தாடதான் கழண்டுரும் போல."

முதலாளி அரிகிருஷ்ணன் கெடு வைத்திருந்தார். "திங்கக்கெழம என் கண்ணால பாப்பேன். தண்ணிக்கு வரலன்னா மூட்ட கட்டிடும்மா. நமக்கு முட்டாயே போதும்."

ஒட்டிப் பார்க்க ஆள் நடமாடும் சிமெண்ட் தரை வேண்டும். அஸ்தினாபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலைக் காட்டினேன். ஞாயிறு மத்தியானம், மென்ற புதுக் கம்மை அங்கங்கே ஒட்டி, பக்கத்தில் கடைக் கம் ஒன்றையும் ஒட்டி மிதித்தோம். பைக்குகள் ஏறின. வெயில் காய்ந்தது. சாயங்காலம் மேடம் நகத்தால் சுரண்டினார். எதுவும் அசையவில்லை. தண்ணீர் ஊற்றுவது மறுநாள் முதலாளி கண் முன்னால்தான் என்று பேச்சு. வாயில் பஞ்சாக இருந்தது தரைக்கு வந்ததும் கல்லாகிவிட்டதே என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் பிடிச்சிருக்கு அண்ணா. நம்மளது தண்ணிக்கு விட்டுரணும்னு சர்ச்ல கூட வேண்டிக்கிட்டேன்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கீழே தண்ணீர்ச் சத்தம். தலைதெறிக்க இறங்கினேன். தினமும் தெளிக்கிற வாசல் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. மேடத்துக்கும்தான், அவர் வீடு மூன்றாவது மாடி, தெளிக்க வாசல் கிடையாது.

வீட்டுக்காரம்மா கிளியம்மாள் துடைப்பத்தோடு நின்றார். "எந்தப் பேமானியோ வாசல் பூரா துப்பி வெச்சிக்கீறான் பாரு தம்பி! தண்ணி தெளிச்சிப் பெருக்கினேன், எல்லாம் உதுந்துடுச்சி. இது ஒண்ணுதான் இன்னா தேய்ச்சாலும் வரல."

அது கடைக் கம். மற்றவை சாக்கடை ஓரம் துணுக்குத் துணுக்காகக் கிடந்தன. ஒரு வாளித் தண்ணீர். உடனே மேடத்துக்குப் போன் போட்டேன்.

அரிகிருஷ்ணன் மேடத்தோடு வந்தபோது, வராத அந்தக் கறுப்பையும் ஒரு புள்ளியாக வைத்துக் கோலம் போட்டு முடிந்திருந்தது. கிளியம்மாள் அவரிடமும் அதையே சொன்னார். அவர் துணுக்குகளைக் குனிந்து பார்த்தார். செருப்பு முனையால் கறுப்புப் புள்ளியைத் தட்டினார். வரவில்லை. "சரி, செய்யும்மா" என்று மேடத்திடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.