நீலம் பாரித்த ஐம்பது சதம்

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி நாவுலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்த காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. பாடசாலைக்குப் பக்கத்து வீட்டு ஹமீமா ஒரு வெள்ளி ஐம்பது சதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். காசிலிருந்த ராசாவின் கன்னம் மஞ்சள், காதோரம் சிவப்பு, விளிம்பெல்லாம் மயில் கழுத்து நீலம்.

"எங்க வீட்டு ஆளோட இடுப்புவார்ல இருந்திச்சு, சரோஜினி டீச்சர். இது ஏன் இப்புடி நெறம் மாறுது?"

கேள்வி கேட்டால் போதும், எனக்கு வாய் நிற்காது. கந்தகம் வெள்ளியில் படலமாய்ப் படியும், மெல்லிய படலம் மஞ்சள், தடிக்கத் தடிக்கச் சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு என்று வகுப்பே எடுத்துவிட்டேன். "வெடிமருந்திலயும் கந்தகம் இருக்கு. அதோட கிடந்தாலும் இப்பிடித்தான் வரும்."

அவள் முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லக்கலக் காட்டை வெட்டிப் பயிரிட்ட சேனையில், யானை விரட்டத் தகப்பனோடு யானைவெடி கட்டும்போது அது வெடித்துத்தான் அவளுடைய மூத்த மகன் மவுத்தானான். இனி வெடிமருந்தைத் தொடமாட்டேன் என்று அவள் புருஷன் யாகூப் குர்ஆன் மேல் சத்தியம் செய்து இரண்டு வருடம். மடைச்சி, என்ன பேச்சுப் பேசிவிட்டேன்!

"வேற ஒண்ணும் இப்புடி ஆக்காதா டீச்சர்?"

"ஏன் ஆக்காது? கெட்ட முட்டையிலயும் கந்தகம்தான். முட்டைப் பெட்டிக்குள்ள காசு கிடந்தாலும் வரும்." அது பொய்யில்லை.

"அப்ப முட்டைதான்" என்றாள். காசை முந்தானையில் முடிந்துகொண்டு வேகமாகப் போனாள்.

அடுத்த வாரம் யாகூப்பே பாடசாலை வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"முட்டைன்னு சொன்னீங்களாம். அப்புடியே இருக்கட்டும் டீச்சர். ஆனை மூணு சேனையை மிதிச்சிட்டுது. வெடி கட்டத் தெரிஞ்சவன் அங்க நான் ஒருத்தன்தான்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த மனிதரின் பொய்க்கு என் விஞ்ஞானம் காவலா? பிள்ளையைத் தின்ற மருந்து தகப்பனையும் தின்னும்வரை நான் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதா? பாடசாலை விட்டதும் ஹமீமா வீட்டுக்கு நடந்தேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதும்விட்டேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும் டீச்சர். போன பெருநாளோட கோழியெல்லாம் வித்துட்டேன். அதுக்கப்புறம் வீட்டுல முட்டையே இல்ல." தண்ணீரை வடித்தாள். "நீங்க முட்டைன்னு சொன்னதால ஒரு கெழமை தூங்கினேன்."