எலும்பு போட்ட மல்லி

கௌசல்யாவின் மல்லிகைப்பூவை இனிமேல் ஊர் அம்மனுக்கு வாங்குவதில்லை என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்துவிட்டார்கள். தீர்மானித்தது கோயில் நிர்வாகி காத்தமுத்து, மற்றவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்ட என்ன செலவா ஆகிறது? ஆனால் கோயில் கழித்த பூ என்று பேராகிவிட்டால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். அந்த அரை ஏக்கர் மல்லியை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

அவள் செய்த குற்றம் இதுதான். மண் சத்தற்றுப் போய், போட்ட யூரியாவெல்லாம் இலையாகவே தழைத்து, மொட்டு வைக்காமல் செடிகள் ஏமாற்றின. டவுனில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் குர்ஷித் பேகம், “கடை எலும்பு அம்புட்டும் குப்பைக்குத்தான் போகுது, எடுத்துக்கம்மா” என்றார். கௌசல்யா அதைக் காயவைத்து, சுட்டு, இடித்து, சாணத்தோடு மக்கவிட்டுப் போட்டாள். அடுத்த பருவம் செடிக்குச் செடி மொட்டு.

“கண்டவனும் கடிச்சுத் துப்புன எச்சில் எலும்பு. அதுல பூத்தது ஆத்தா கழுத்துக்கு ஆகாதுத்தா,” என்றார் காத்தமுத்து. “நிறுத்திட்டேன்னு கோயில் முன்னால சொல்லு, வாங்கிக்கிறோம்.”

“என் வரப்புல மேஞ்ச ஆடுதான் மாமா, சந்தைக்குப் போயி, கடைக்குப் போகுது. என் மண்ணுல இருந்து போன சத்து என் மண்ணுக்கே திரும்பி வருது. நிறுத்த மாட்டேன்.”

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, உடம்பெல்லாம் எரிந்தது. செத்த மண்ணை எழுப்பியவளுக்கு மாலை மரியாதை வேண்டாம், மானத்தையாவது வாங்காமல் இருந்திருக்கலாம்.

மாசித் திருவிழாவில் கிடா வெட்டி, கோயில் வாசலில் கறிச்சோற்றுப் பந்தி நடந்தது. கௌசல்யா ஒரு சாக்கோடு வந்தாள். இலை இலையாகக் குனிந்து கடித்துப்போட்ட எலும்பைப் பொறுக்கினாள். சிலர் சிரித்தார்கள், சிலர் தாங்களே எடுத்துப் போட்டார்கள். காத்தமுத்து நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“என்னத்தா இது?”

“செடிக்குத்தான் மாமா. ஆத்தாளுக்கு வெட்டுன கிடா, கடிச்சது நம்ம சனம். இதுல பூக்குற பூ ஆத்தாளுக்கு ஆகுமா, ஆகாதா?”

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அது வேற, இது வேற,” என்றார் அவர்.

“என்ன வேறன்னு சொல்லுங்க. மண்ணுக்குத் தெரியலை, செடிக்கும் தெரியலை. எனக்காவது தெரியட்டும்.”

என்ன வேறு என்று காத்தமுத்துவுக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை. கௌசல்யா சாக்கின் வாயை அவர் முன் விரித்துப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள். வரிசை முழுக்க அவர் கையையே பார்த்தது. கடைசியில் அவர் நல்லி எலும்பைச் சாக்குக்குள் போட்டார்.

“வெள்ளிக்கிழமை ஆத்தாளுக்கு மாலை கொண்டாரேன் மாமா,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்குக் குனிந்தாள்.